வானமும் வட்டியும்

கெரியான் கரையில்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், பினாங்கும் பேராவும் வந்து எல்லை தொடும் மூலையில், கெரியான் ஆற்றங்கரையில் அமைந்திருப்பது பண்டார் பாரு. புதிய பட்டணம் என்பது அப்பெயரின் பொருள். ஆற்றைக் கடந்தால் பேராவின் பாரிட் புந்தார், சற்றுத் தொலைவில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால், உள்நிலப் பக்கம் செர்டாங், வடக்கே கூலிம். கடலோரச் சமவெளியில் கரும்பும், பின்னர் உள்நிலத்தில் ரப்பரும், அதன்பின் செம்பனையும் இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றி மாற்றி எழுதின. அம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் உழைத்த கைகளுள் பெரும்பகுதி தமிழ்க் கைகளே.

இந்நிலத்தில் வாழ்ந்தோருக்கு வானம் அன்றாடக் கணக்கு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே பட்டை நனைந்திருந்தால் அன்று பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் முழுக் கூலியும் இல்லை. இலையுதிர் காலத்தில் பால் சுருங்கும். ஆறு கரை கடந்தால் தாழ்ந்த நிரைகளில் மரம் நீரில் நிற்கும். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்த காரணத்தைத் தோட்டத்துப் பாட்டாளிக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தோட்டத்துக்குப் பணம் கொடுத்தவரோ இம்மழையைக் கண்டதில்லை. இலண்டனிலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ அமர்ந்து, ஒரு தாளை வாங்கி, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வட்டி என்று எதிர்பார்த்திருந்தவர் அவர். அவருடைய தாளில் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடம் இருக்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் அத்தாள்கள் வானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளன. பருவநிலை மாற்றத்தின் இடர் நிறுவனக் கடன் பத்திரங்களின் விலையையும் வட்டியையும் பாதிக்கிறது என்று நிதியுலகம் இன்று ஒப்புக்கொள்கிறது. இது புதிய செய்தி போல் தோன்றினும், இதன் வேர் தமிழர் உழைத்த தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. அவ்வரலாறு எழுப்பும் வினா ஒன்றே: வானம் பொய்க்கும்போதோ வரம்பு மீறும்போதோ அந்த நட்டத்தை இறுதியில் சுமப்பவர் யார்?

கடன் பத்திரம் என்பது யாது?

ஒரு நிறுவனம் முதல் திரட்டும் வழிகள் இரண்டு. ஒன்று பங்கு விற்பது. மற்றொன்று கடன் வாங்குவது. பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் கூட்டாளி. இலாபம் பெருகினால் அவருக்கும் பெருகும், நட்டமானால் அவரும் இழப்பார். கடன் பத்திரம் வாங்கியவரோ கூட்டாளி அல்லர், கடன் கொடுத்தவர். குறித்த காலத்தில் குறித்த வட்டியும், தவணை முடிவில் அசலும் அவருக்குச் சேர வேண்டும். நிறுவனம் முறிந்தால் பங்குதாரருக்கு முன்னர் அவருக்கே பணம் தரப்படும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். நிறுவனம் எவ்வளவு செழித்தாலும் பத்திரக்காரருக்கு எழுதிய வட்டிக்கு மேல் ஒரு காசும் கிடையாது. அது வீழ்ந்தாலோ அசலும் போகலாம். ஆகவே நன்மையைக் காட்டிலும் கேட்டையே அவர் கூர்ந்து நோக்க வேண்டியவராகிறார். கேடு வரக்கூடும் என ஐயுற்றால் கூடுதல் வட்டி கேட்பார். மிகுதியாக ஐயுற்றால் பத்திரத்தை வாங்கவே மாட்டார். வட்டி என்பது அச்சத்தின் விலை என்று சுருங்கக் கூறலாம்.

அந்த அச்சத்தை அளந்து சொல்வதற்கென்றே தர மதிப்பீட்டு நிறுவனங்கள் உள்ளன. மலேசியாவில் ராம் எனப்படும் தர மதிப்பீட்டு நிறுவனம் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நிறுவனத்தின் கணக்கு, கடன், வருவாய் ஆகியவற்றை ஆராய்ந்து மதிப்பெண் இடுவது இத்தகைய நிறுவனங்களின் பணி. மதிப்பெண் குறைந்தால் வட்டி ஏறும். கையிலுள்ள பத்திரத்தின் விலை இறங்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு தோட்ட நிறுவனம் பத்து ஆண்டுத் தவணையில் 10 கோடி ரிங்கிட் பத்திரம் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் நிலம் வெள்ளத்துக்கு உட்பட்டது என்று கருதி முதலீட்டாளர் அரை விழுக்காடு கூடுதல் வட்டி கேட்டால், ஆண்டுக்கு 5 இலட்சம் ரிங்கிட் மிகையாகச் செல்லும். பத்து ஆண்டுகளில் அது 50 இலட்சம். வடிகால் வெட்டவும், தாழ்ந்த நிலத்து வீடுகளை மேட்டுக்கு மாற்றவும் பயன்படக்கூடிய பணம் அது. இடரை அளப்பதாலேயே இடர் குறைந்துவிடாது என்பதை இக்கணக்கு காட்டும்.

இலங்கைக் கோப்பி கற்பித்த பாடம்

இதே கதை முழுமையாக நடந்தேறிய இடம் இலங்கையின் மலைநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குக் கோப்பியே செல்வம். தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் தோணியேறியும் சென்ற பாட்டாளி மக்கள் காட்டை வெட்டி மலைச்சரிவுகளைக் கோப்பித் தோட்டங்களாக்கினர். அத்தோட்டங்களில் பெரும்பாலானவை கடனில் எழுந்தவை. நிலத்தையும் வரவிருக்கும் விளைச்சலையும் ஈடாகக் காட்டித் துரைமார் வங்கிகளிடமும் வணிக முகவரிடமும் பணம் பெற்றனர்.

1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. அது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சையால் வந்த இலைத்துரு நோய். அதன் விதைத்தூள் காற்றில் பரவும். ஈரமான இலையில் முளைக்கும். மழையும் பனியும் மிக்க மலைநாட்டில், மலைக்கு மலை இடைவெளியின்றிக் கோப்பி ஒன்றையே நட்டிருந்த நிலத்தில், அது தடையின்றிப் பரவியது. 1880இல் அங்குச் சென்று ஈராண்டுகள் ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் அந்நோயின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவாக விளக்கினார். ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் நெருக்கி நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பது அவருடைய ஆய்வு உணர்த்திய உண்மை.

வியப்புக்குரிய செய்தி இனித்தான் வருகிறது. நோய் தோன்றிய பின்னரும் கடன் கொடுப்பது நிற்கவில்லை. ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் அக்குறைவு கணக்கில் தெரியவில்லை. துரைமார் மேலும் கடன் வாங்கி மேலும் காட்டை அழித்தனர். 1870களின் இறுதியில் கோப்பிப் பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. விலை வீழ்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இலை மஞ்சளித்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1884ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள், கிழக்கு நாடுகளில் பெரும்புகழ் பெற்றிருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. பிற இடங்களிலும் அதற்கு நட்டம் இருந்தது. எனினும் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் முடங்கிய பணம் அதன் வீழ்ச்சிக்குரிய பெருங்காரணங்களுள் ஒன்று.

அவ்வங்கி எண்ணற்ற தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்தது. ஒரு தோட்டம் முறிந்தால் மற்றொரு தோட்டம் தாங்கும் என்பது வங்கியாளர் நம்பிக்கை. ஆனால் அத்தனை தோட்டங்களும் நம்பியிருந்த பயிர் ஒன்று; அவற்றின் மேல் பெய்த மழையும் ஒன்று; வீசிய காற்றும் ஒன்று. ஒன்றைத் தாக்கியது அனைத்தையும் ஒரே காலத்தில் தாக்கியது. பல கூடைகளில் முட்டையை வைத்ததாக எண்ணியவர் அக்கூடைகள் அனைத்தையும் ஒரே மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தார்.

வங்கி மூடியதும் கொழும்பில் அவ்வங்கியின் பணத்தாள்களை வைத்திருந்தோர் கலங்கினர். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என அறிவித்துக் கலக்கத்தைத் தணித்தார். பணத்தாள் வைத்திருந்தவர் இவ்வாறு காக்கப்பட்டார். மலையில் கோப்பிப் பழம் பறித்தவரின் நிலை என்ன? முறிந்த தோட்டங்களில் கூலி பல திங்கள் பாக்கி நின்றது. தோட்டத்தின் மீது முதல் உரிமை கடன் கொடுத்தவருக்கே இருந்தமையால், நிலத்தை விற்ற பணம் அவரிடம் சென்ற பின்னர் கூலிக்காரனுக்கு எஞ்சியது சிறிதே. 1880களில் வந்த சட்டங்கள்தாம் கூலிப் பாக்கியைத் தோட்டத்தின் மீதான முதல் உரிமைகளுள் ஒன்றாக்கின. பலர் அதற்கு முன்னரே வெறுங்கையோடு வந்த வழியே திரும்பியிருந்தனர்.

தொழிலாளியின் கையிலும் ஒரு கடன் தாள் இருந்தது என்பதை இவ்விடத்து நினைவுகூர வேண்டும். அதன் பெயர் துண்டு. ஒருவர் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்டிருந்த கடனைக் குறித்த சீட்டு அது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் புதிய துரை அக்கடனைத் தீர்த்து ஆளைப் பெற வேண்டும். துரையின் கடனுக்கு நிலம் ஈடு. தொழிலாளியின் கடனுக்கு அவருடைய உடலே ஈடு.

மலாயாவின் ரப்பர்க் கணக்கு

கோப்பி அழிந்த பின்னர் இலங்கை மலைகளில் தேயிலை எழுந்தது. தோட்டத் துரைமார் சிலர் மலாயாவுக்குக் குடிபெயர்ந்து இங்கும் கோப்பியையே முதலில் நட்டனர். கோப்பி கைகொடாமற்போகவே ரப்பருக்கு மாறினர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டுக் காட்டினார். 1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. மறு ஆண்டு, 1910 ஏப்ரலில், இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 12 சில்லிங்குக்கு மேல் விலை போயிற்று.

அக்காலத்தில் இலண்டனில் ரப்பர் நிறுவனங்கள் மழைக்காளான் போல் முளைத்தன. பங்குகளோடு கடனீட்டுப் பத்திரங்களையும் விற்று அவை முதல் திரட்டின. கன்று நட்டு ஆறேழு ஆண்டுகள் சென்ற பின்னரே பால் வெட்டத் தொடங்கலாம். அதுவரை ஆள் சேர்க்கவும் களை எடுக்கவும் வடிகால் வெட்டவும் கடன் பணமே துணை. இன்ன ஆண்டில் ஏக்கருக்கு இத்தனை இராத்தல் பால் என்று விளம்பர அறிக்கையில் அட்டவணை இட்டிருப்பார்கள். வெள்ளம் வருமா, நோய் வருமா என்பதற்கு அவ்வட்டவணையில் நிரல் இல்லை.

ரப்பரை இங்கு வீழ்த்தியது வானமன்று, சந்தையே. 1932இல் ஓர் இராத்தல் விலை இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கியது. எனினும் சுமை இறங்கி வந்த வழி இலங்கையில் கண்ட அதே வழிதான். முதலில் கூலி குறைக்கப்பட்டது. அடுத்து ஆள் குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையிலான காலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். நட்டத்தைத் தாங்குவதற்கென்று முதல் போட்டவர் பங்குதாரர். ஆனால் அவருக்கு முன்னரே அதைத் தாங்கியவர் பால் வெட்டியவர். நிறுவனத்தின் ஐந்தொகையில் அவருடைய பெயர் எப்பக்கத்திலும் காணப்படவில்லை.

இவ்வரிசையை மாற்றிக் காட்டிய முயற்சி ஒன்றும் கெடா மண்ணிலேயே நடந்தது. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாக்கப்பட்டுப் பல்லாயிரவர் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். இடரை மட்டுமே சுமந்து வந்தவர் உடைமையிலும் பங்கு பெறலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

சந்தை வானத்தைக் கணக்கில் எடுத்தமை

பருவநிலை இடர் என்ற பெயரில் நிதியுலகம் இதனை ஆராயத் தொடங்கியது அண்மையில்தான். 2015 செப்டம்பரில், இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக அப்போது இருந்த மார்க் கார்னி, இலண்டனில் காப்புறுதித் துறையினர் முன்னிலையில் ஆற்றிய உரை ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வுரையில் அவர் இடரை மூவகையாகப் பிரித்தார். வெள்ளம், வறட்சி, புயல், தீ ஆகியவற்றால் நேரும் அழிவு முதலாவது. அழிவுக்குக் காரணமானவர்மீது பாதிக்கப்பட்டோர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கு இரண்டாவது. கரிப்புகை குறைந்த பொருளாதாரத்துக்கு உலகம் மாறும்போது பழைய தொழில்களின் மதிப்பு வீழ்வது மூன்றாவது.

முதலிரண்டு வகைகளுக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாக அமைந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மின்சார நிறுவனமாகிய பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக். நெடுநாள் வறட்சியில் காய்ந்து கிடந்த காட்டில், 2018 நவம்பரில் அந்நிறுவனத்தின் மின்கம்பியிலிருந்து பற்றிய தீ பாரடைஸ் என்னும் ஊரையே சாம்பலாக்கியது. 85 பேர் மாண்டனர். இழப்பீட்டுப் பொறுப்பு 3,000 கோடி டாலரை எட்டக்கூடும் என மதிப்பிடப்பட்டது. அதன் கடன் தர மதிப்பு மளமளவென்று சரிந்தது. பத்திர விலை வீழ்ந்தது. 2019 சனவரியில் நிறுவனம் நொடிப்பு மனு கொடுத்தது. பருவநிலை மாற்றம் விளைத்த முதல் பெருநிறுவன நொடிப்பு என்று செய்தித்தாள்கள் அதனை வருணித்தன.

அதன் முடிவும் கருதத்தக்கது. 2020இல் நிறுவனம் மீண்டெழுந்தபோது பத்திரக்காரர்களின் கடன் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டோ பழையபடியே தொடர்ந்தோ பெரும்பாலும் காக்கப்பட்டது. தீயில் வீடும் உறவும் இழந்தோருக்கு ஒதுக்கப்பட்ட 1,350 கோடி டாலரில் பாதி, அதே நிறுவனத்தின் பங்குகளாகத் தரப்பட்டது. பங்கு விலை ஏறினால்தான் அவர்களுக்கு முழு இழப்பீடு. ஆக, 1884இன் வரிசை 2020இலும் பெரிதும் மாறவில்லை.

மூன்றாம் வகைக்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. காடழிப்பு, கரிநிலம் அழிப்பு ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில், நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு 2016 ஏப்ரலில் ஐ.ஓ.ஐ. குழுமத்தின் சான்றிதழை இடைநிறுத்தியது. மேற்குக் கலிமந்தானில் அக்குழுமத்துக்குத் தொடர்புடைய நிலங்கள் பற்றிய குற்றச்சாட்டு அது. உலகின் பெரிய சோப்பு, உணவு நிறுவனங்கள் சில அக்குழுமத்திடம் வாங்குவதை நிறுத்தின. மூடிஸ் தர மதிப்பீட்டு நிறுவனம் அதன் கடன் தரத்தைக் குறைக்கக்கூடும் என்று மறு ஆய்வில் வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. ஒரு மரமும் வெள்ளத்தில் சாயவில்லை. ஆயினும் கடனின் மதிப்பு ஐயத்துக்குள்ளாயிற்று. வாங்குவோரின் நம்பிக்கை முறிந்தால் விளைச்சல் இருந்தும் வருவாய் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. காடழித்து விளைவித்த பொருளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டத்தின் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்ட போதிலும், அதன் நிழல் செம்பனை நிறுவனங்களின் கணக்கில் விழுந்துள்ளது.

மலேசியச் சந்தையில்

செம்பனைக்கும் வானத்துக்கும் உள்ள உறவு நுட்பமானது. வறட்சி வந்த அன்றே குலை குறைவதில்லை. நீர் போதாத மரம் பெண்பூவைக் குறைத்து ஆண்பூவைப் பெருக்கும், இளங்குலைகள் கருகும். அதன் விளைவு ஆறு முதல் இருபத்து நான்கு திங்கள் கழித்தே ஆலையில் தெரியவரும். 2015-16இல் வீசிய எல் நினோ வறட்சிக்குப் பின்னர் மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1.996 கோடி டன்னிலிருந்து 2016இல் 1.732 கோடி டன்னாக இறங்கியது. ஏழரையில் ஒரு பங்கு குறைவு. கோப்பி இலையில் கண்டது போன்றே இங்கும் நோவு முந்தியும் கணக்கு பிந்தியும் வருகின்றன. கடன் கொடுப்பவர் பார்ப்பது சென்ற ஆண்டின் கணக்கை. அவர் அஞ்ச வேண்டியதோ சென்ற ஆண்டின் வானத்தை.

வெள்ளத்தின் கணக்கும் பெரிது. 2021 டிசம்பர் முதல் 2022 சனவரி வரை நாட்டைத் தாக்கிய வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணித்தது. 2022 சூலை 4ஆம் நாள் கெடாவின் பாலிங் வட்டாரத்தில் குனோங் இனாஸ் மலையடிவாரத்தில் பாய்ந்த திடீர் வெள்ளம், மரங்களையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு குப்பாங் பகுதி வீடுகளை அடித்துச் சென்றது. மூவர் உயிரிழந்தனர். மலையில் மரம் வெட்டப்பட்டதற்கும் அடிவாரத்துக் குடும்பம் அழிந்ததற்கும் இடையில் எந்தப் பத்திரமும் கணக்கு வைத்திருக்கவில்லை.

இவ்விடர்களை வங்கிகளும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நெகாரா வங்கி நெறி வகுத்துள்ளது. கடன் பெறும் தொழில் பருவநிலைக்கு நன்மை செய்வதா தீமை செய்வதா என வகைப்படுத்தும் வழிகாட்டியை அது 2021 ஏப்ரலில் வெளியிட்டது. 2022இல் பருவநிலை இடர் மேலாண்மைக்கான விதிகளை அறிவித்தது. நிறுவனங்கள் தம் இடர்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்னும் தேசியக் கட்டமைப்பு 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பெருநிறுவனங்கள் 2025 முதல் படிப்படியாக அதன்கீழ் வருகின்றன.

இடர் என்பதன் மறுபக்கம் வாய்ப்பும் ஆகும். 1990இல் ஷெல் நிறுவனம் சுகூக் எனப்படும் இஸ்லாமிய நிதிப் பத்திரத்தை ரிங்கிட்டில் வெளியிட்டது முதல் மலேசியா அத்துறையில் முன்னோடி. 2017 சூலையில் உலகின் முதல் பசுமைச் சுகூக் இங்குதான் வெளியாயிற்று. சபாவின் கூடாட்டில் சூரிய மின்நிலையம் அமைக்க 25 கோடி ரிங்கிட் அதன்வழித் திரட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் குவாண்டம் சோலார் பார்க் நிறுவனம் 100 கோடி ரிங்கிட் திரட்டியது. அப்பணத்தில் எழுந்த மூன்று சூரிய மின்நிலையங்களுள் ஒன்று கெடாவின் குருணில் உள்ளது. தோட்டக்காடுகளுக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில் வெயிலே விளைச்சலாகி வட்டி கட்டுகிறது.

சேமநிதியின் மறுபக்கம்

இவையெல்லாம் கோலாலம்பூர் நிதிக் கோபுரங்களுக்குரிய செய்தி. பண்டார் பாருவின் தோட்டக் குடும்பத்துக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்கலாம். விடை அக்குடும்பத்தின் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது.

1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கப்பெற்றது. மாதந்தோறும் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தொகையும் முதலாளி செலுத்தும் தொகையும் அதில் சேர்கின்றன. அந்நிதி பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அதன் முதலீட்டில் ஏறத்தாழப் பாதி அரசாங்கப் பத்திரங்களிலும் நிறுவனக் கடன்களிலும் பத்திரங்களிலும் உள்ளது. ஆகவே பால் வெட்டிய தாயின் சேமிப்பும், குலை வெட்டிய தந்தையின் சேமிப்பும், தொழிற்சாலைக்குச் செல்லும் மகளின் சேமிப்பும் பெருநிறுவனங்களுக்குக் கடனாகச் சென்றுள்ளன. அன்று இலண்டனில் அமர்ந்து தாளை வாங்கியவரின் இடத்தில் இன்று தோட்டத்துப் பேரப்பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். அதனை அவர்கள் அறியார்.

ஒரு நிறுவனம் முறிந்தால் இத்துணைப் பெரிய நிதி அசைந்துவிடாது. ஆனால் ஓரியண்டல் வங்கியின் பாடம் இங்கே நினைக்கத்தக்கது. வானத்தின் இடர் ஒன்றோடு நிற்பதில்லை. நீடித்த வறட்சி வருமாயின் செம்பனைத் தோட்டம், நீர் விநியோகம், நீர்மின்சாரம், காப்புறுதி, வீட்டுக்கடன் என்று பல துறைகளை அது ஒரே காலத்தில் தொடும். பல நிறுவனங்களின் பத்திரங்களைப் பிரித்து வாங்கியிருப்பது அப்போது அரைக் காப்பே ஆகும்.

இவ்வாறு ஒரே குடும்பம் இடரின் இருமுனைகளிலும் நிற்கிறது. ஆறு பெருகினால் அதன் வீட்டுக்குள் நீர் புகும். அதே வெள்ளம் நிறுவனங்களைச் சாய்த்தால் அதன் முதுமைக்கால ஈவும் குறையும். முன்னோர் இடரை மட்டும் சுமந்தனர், உரிமை இல்லை. இன்றைய தலைமுறைக்குக் கடன் கொடுத்தவர் என்னும் உரிமை உண்டு. அதனைப் பயன்படுத்தும் அறிவே இன்னும் வேண்டப்படுகிறது.

முடிவாக

கடன் கொடுத்தவர் கேட்கத்தக்க கேள்விகள் எளியவை. இந்நிறுவனத்தின் நிலம் எத்தனை முறை நீரில் மூழ்கியது? வடிகாலுக்கும் கரைக்கும் அது என்ன செலவிட்டது? மலைச்சரிவில் மரம் வெட்டுகிறதா? வறட்சி இரண்டாண்டு நீடித்தால் வட்டியை எதிலிருந்து கட்டும்? தொழிலாளர் குடியிருப்பு மேட்டிலா, பள்ளத்திலா? இவற்றுள் இறுதிக் கேள்வியை எந்தத் தர மதிப்பீட்டு அறிக்கையும் முதலில் கேட்பதில்லை. வரலாறு அறிந்தவர் அதனையே முதலில் கேட்பார்.

வட்டியை ஏற்றுவது மட்டுமே சந்தையின் மறுமொழியாக இருக்குமானால், ஏறிய வட்டி கூலியிலும் ஆள்குறைப்பிலும் இறங்கும். இலங்கைக் கோப்பியின் கதை புதிய தாளில் மீண்டும் எழுதப்படும். வெளிப்பட்ட இடரைக் குறைப்பதற்கு அப்பணம் செல்லுமானால், கடன் கொடுத்தவரும் கடன் வாங்கியவரும் அந்நிலத்தில் வாழ்பவரும் ஒருங்கே காக்கப்படுவர். இவ்விரு வழிகளுள் எது தேர்ந்தெடுக்கப்படும் என்பது கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

ஓரியண்டல் வங்கி மூடப்படுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே கோப்பி இலை மஞ்சளித்திருந்தது. அதனை முதலில் கண்டவர், இலையைத் தொட்டு வேலை செய்த தொழிலாளியாகவே இருந்திருப்பார். அவரை எவரும் கேட்கவில்லை; அவர் சொல்லக்கூடிய இடமும் இருக்கவில்லை. கெரியான் ஆற்றின் நீர்மட்டத்தை வீட்டுப் படிக்கட்டால் அளந்து வாழும் மக்களின் அறிவு, அவர்களுடைய சேமிப்பைக் கடனாகக் கொடுக்கும் மேசைக்குச் சென்று சேர வேண்டும். அதற்குரிய பாதையை அமைப்பது கற்றவர் கடமை.